ஸ்டெப்னி இல்லாத படகு

அபி, கேளுடி, நம்ம சின்ன படகு பொகையில்லாம, சத்தமில்லாம, யாரும் கயிறு கட்டி இழுக்காம, கப்பல் வரைக்கும் போயி சரக்கை ஏத்திக் குடுத்துட்டு அதே பேட்டரியிலயே திரும்பி வந்துடுச்சு, உங்க நைனா அதுல இருந்தாரு, நானும் இருந்தேன், ஸ்டெப்னி இல்ல!

மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எழுதுகிறேன்.

இதை உனக்குப் போனிலேயே சொல்லியிருப்பேன். உன் நைனா என்னிடம் வாக்கு வாங்கிவிட்டார். "அவளுக்குப் போன் கீன் போட்டு ஒளறிடாத. நானே ஒரு நாளைக்கு சொல்லிக்கிறேன்" என்றார். நீயும் அவரும் பேச்சை நிறுத்தி ஒரு வருடமாகப் போகிறது. அந்த 'ஒரு நாளை' நம்பி நான் உட்கார்ந்திருந்தால் பெரிய படகு கரையிலேயே கிடந்து காய்ந்துபோகும். போன் போடாதே என்றுதான் சொன்னார். எழுதாதே என்று சொல்லவில்லை. என்னோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திய மனிதர், இந்தச் சந்து இருப்பது தெரியாமலா விட்டிருப்பார்? அதை நீயே யோசித்துக்கொள்.

உனக்கு மட்டும் எழுதாமல், எல்லாரும் படிக்கும்படி நம் இணையப் பக்கத்தில் போடுகிறேனே என்று நீ பல்லைக் கடிப்பாய். கடி. ஆனால் காரணம் இருக்கிறது. வெள்ளோட்டத்தன்று நடந்ததை ஊருக்கே நேரலையில் காட்டியவள் நான். உன் படகு நடுக்கடலில் நின்றதை, அதன் முதுகில் கரும்புகை எழுந்ததை, மீன்பிடிப் படகு அதைக் கயிறு கட்டி இழுத்து வந்ததை எல்லாம், நிறுத்தத் தெரியாமல் காட்டிக்கொண்டே இருந்தேன். அதிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டி, மேலே 'பசுமைப் படகு' என்று எழுதிப் போட்டு, அது செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து துபாய் வரைக்கும் சுற்றியது. ஊர் பார்க்க அவிழ்ந்ததை ஊர் பார்க்கத்தான் முடிய வேண்டும். அதனால் இந்தக் கடிதம் இங்கே.

நம் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள். கடலே இல்லாத செஞ்சியில் இருந்துகொண்டு இவர்கள் எப்படிக் கப்பல் கம்பெனி நடத்துகிறார்கள் என்று கமெண்டில் கேட்காத ஆள் கிடையாது. கப்பல் கம்பெனி என்று சொல்லிக்கொள்வது எனக்குப் பெருமைக்கு. உண்மையில் நம்மிடம் இருப்பது இரண்டு மரப்படகுகள், சின்னது ஒன்று, பெரியது ஒன்று. கடலூரில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அவற்றுக்குக் குடிதண்ணீர், காய்கறி, அரிசி, கயிறு, ஆட்கள் என்று எது போக வேண்டுமானாலும் படகில்தான் போக வேண்டும். உன் தாத்தா அனந்தபுரத்திலும் வல்லத்திலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை ஏற்றிக் கடலூர் வரை லாரி ஓட்டியவர். ஒரு நாள் துறைமுகத்தில் லோடு இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது, படகுகள் போய்ப் போய் வருவதைப் பார்த்திருக்கிறார். "இதுவும் லோடுதானே, ரோடுதான் தண்ணியா இருக்குது" என்றாராம். அவ்வளவுதான் நம் கம்பெனியின் தொடக்க உரை.

லாரிக்காரர் கடலுக்குள் இறங்கினால் லாரியையும் சேர்த்துத்தான் இறக்குவார். தேய்ந்த லாரி டயர்களைப் படகின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டது எல்லாப் படகிலும் உள்ளதுதான், சுவரில் இடிக்காமல் இருக்க. ஆனால் அந்த டயரில் எலுமிச்சம்பழம் வைத்தது நம் வீட்டில் மட்டும்தான். புது வண்டி எடுத்தால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே கிளம்புவோம். படகுக்குச் சக்கரம் எங்கே இருக்கிறது? தாத்தா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். புதுப் படகு முதல் சவாரி போய்த் திரும்பி வந்து கரைச் சுவரை ஒட்டும்போது, டயருக்கும் சுவருக்கும் நடுவில் பழத்தைப் பிடிக்க வேண்டும். படகு வந்து இடித்து அது நசுங்க வேண்டும். போகும்போது இல்லை, வரும்போது. "போறது எவன் வேணா போவான், திரும்பி வர்றதுதான் சவாரி" என்பார். கடலூர்க்காரர்கள் இன்றைக்கும் நம்மைப் பார்த்து, "எலுமிச்சங்கா கம்பெனி வருது டோய்" என்று கத்துவது அதனால்தான்.

இதோடு லாரிச் சட்டங்கள் மூன்றையும் தாத்தா படகுக்குள் கொண்டுவந்தார். இன்ஜினை அணைக்காதே. காலி வண்டியாய்த் திரும்பாதே. ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதே. உன் நைனா அரிச்சுவடி படித்தாரோ இல்லையோ, இந்த மூன்றையும் படித்துவிட்டார்.

நான் வல்லத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கடலையே பார்த்ததில்லை. மறுவீடு முடிந்த கையோடு உன் நைனா என்னைப் படகில் ஏற்றி, "வா, கப்பல் காட்டுறேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். நான் பட்டுப்புடவையிலேயே வாந்தி எடுத்தேன். அப்போது தலையைத் தூக்கிப் பார்த்தால், நம் ராஜகிரி மலை எழுந்து வந்து தண்ணீரில் நிற்கிற மாதிரி ஒரு கப்பல். எனக்கு வாந்தி நின்றுவிட்டது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் தெளியவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கொடியை வைத்து நாட்டைச் சொல்லவும், வரைபடத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று தேடவும் கற்றுக்கொண்டேன். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதே "ஐயோ, எண்ணெய்க் கப்பல் நங்கூரம் தூக்கிட்டான்!" என்று நான் கத்தினால், காய்க்காரம்மா, "கப்பல் போவட்டும், நீ கத்திரிக்காய எட போடு" என்பார். என்னைக் கப்பல் அக்கா ஆக்கியது இந்த ஊர்.

ஆனால் எனக்குக் கப்பல் மட்டும்தான் கண்ணில் பட்டது. புகை உன் கண்ணில்தான் பட்டது. ஆறாவது படிக்கும்போது முழுப்பரீட்சை லீவில் நீயும் எங்களோடு வந்தாய். கப்பலோடு படகைக் கட்டிவிட்டு மேலேயிருந்து ஆள் வரும்வரை காத்திருந்தோம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. காற்று நம் பக்கம் திரும்பி, புகை முழுக்க முகத்தில் அடித்தது. நீ துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டாய், "நைனா, நின்னுக்கினுதான இருக்கோம், எதுக்கு ஓடுது?"

"நிறுத்துனா மறுபடி எடுக்காது."

"எடுக்காத இன்ஜின எதுக்கு வெச்சிருக்க?"

படகு ஓட்டும் தாஸ் மாமா சிரித்த சிரிப்பில் சுக்கானை விட்டுவிட்டார். உன் நைனா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, புகை படிந்த தன் சட்டையைத் துவைக்கப் போடும்போது ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். அதை நான் பார்த்தேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. மாற்றம் என்பது உன் பேட்டரியில் தொடங்கவில்லை அபி, அந்தச் சட்டையில் தொடங்கியது.

நீ கப்பல் கட்டும் படிப்பு படித்துவிட்டு வந்து முதலில் சொன்னது, கப்பலில் சேரும் குப்பையையும் கழிவு எண்ணெயையும் நாம் வாங்கி வந்து முறையாகக் கரை சேர்க்கலாம் என்பது. உன் நைனா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நீ கூட்டத்துக்குப் பேசுவது மாதிரி தயார் செய்துகொண்டு வந்தாய். கடல், ஆமை, மீன் குஞ்சு என்று நீ பேசி முடிப்பதற்குள் அவர் கேட்டார், "அப்போ ரிட்டன் லோடுன்ற?" நீ விழித்தாய். "ஆமா நைனா, ரிட்டன் லோடுதான்." "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? காலியாத்தான திரும்பிக்கினு இருந்தோம் இத்தினி வருசமா!" அடுத்த வாரமே மூடி போட்ட டிரம்கள் வந்துவிட்டன. பிளாஸ்டிக்குக்கு ஒரு நிறம், எண்ணெய்க்கு ஒரு நிறம் என்று அவரே உட்கார்ந்து பெயிண்ட் அடித்தார். தாஸ் மாமா, "மொதலாளி, நம்மள குப்ப வண்டி ஆக்கிட்டா உம் பொண்ணு" என்று முனகினார். "ஏன், குப்ப வண்டி தெருவுக்கு வரலன்னா நீ நாறிட மாட்ட?" என்றார் உன் நைனா. கப்பல்காரர்கள் கேட்டு வாங்கும் கம்பெனியாக நாம் ஆனது அந்த டிரம்களால்தான். தாத்தாவின் சட்டமும் உன் படிப்பும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்த காலம் அது. நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு படகு பேசியது அந்த ஒரு வருடம்தான்.

அதனால்தான் பேட்டரிப் படகு என்று நீ சொன்னபோது அவர் சரி என்றார். முழு மனதோடு சொன்னார், அதை நீ நம்ப வேண்டும். சின்ன படகின் டீசல் இன்ஜினை எடுத்தபோது அதற்குக் கற்பூரம் காட்டினார். நீ தரையில் சாக்பீஸால் படகை வரைந்து, பேட்டரி இங்கே, மோட்டார் இங்கே, எடை இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று எங்கள் எல்லாரையும் நிற்கவைத்துப் பாடம் எடுத்தாய். எடை, எடை, எடை என்று அன்றைக்கு நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

வெள்ளோட்டத்தன்று விடியற்காலையில், நீ தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது, அவர் போய் ஒரு ஜெனரேட்டரையும் இரண்டு பீப்பாய் டீசலையும் படகின் பின்பக்கம் ஏற்றித் தார்ப்பாயால் மூடிவிட்டார். ஸ்டெப்னி. லாரிக்காரர் மகனுக்கு ஸ்டெப்னி இல்லாமல் வண்டி நகராது. நீ வந்து பார்த்தபோது கரையில் கூட்டம் நின்றது, கப்பல் ஏஜென்ட் நின்றார், நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "வணக்கம் நண்பர்களே" சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னா நைனா இது?"

"சும்மா இருக்கட்டும். ஒரு தைரியத்துக்கு."

நீ இறக்கச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் அப்பாவை மறுத்துப் பேச வேண்டாம் என்று நினைத்தாய். அந்த மரியாதைதான் உன்னைக் கவிழ்த்தது. போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது எதிர்க்காற்று. பின்பக்கம் தண்ணீரில் அமுங்கி, மூக்கு தூக்கிக்கொண்டு, படகு கடலைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு வந்தது. பாதியில் பேட்டரி தீர்ந்து நின்றது. உன் நைனா தார்ப்பாயை விலக்கி ஜெனரேட்டரை ஓட்டினார். அது கரும்புகை விட்டதே தவிர, உன் மோட்டாருக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. அப்புறம் மீன்பிடிப் படகு, கயிறு, சிரிப்பு. கரைக்கு வந்ததும் அவர், அவமானத்தில், எல்லார் காதும் கேட்க, "பொம்ம வண்டி செஞ்சி குடுத்துட்டா எம் பொண்ணு" என்றார். நீ கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்காமலே கரைக் கல் மேல் வைத்தாய். "என்ன நம்பலன்னா வூட்லயே சொல்லியிருக்கலாம் நைனா" என்றாய். அந்த மாதமே கொச்சியில் கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய்.

இதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும்.

எல்லாரும் அவரிடம் பழைய இன்ஜினையே மாட்டச் சொன்னார்கள். அவரோ ஜெனரேட்டரையும் பீப்பாய்களையும் வண்டியில் போட்டுக்கொண்டு செஞ்சிக்கு வந்தார். நேரே வீட்டுக்கு வராமல் திண்டிவனம் ரோட்டு எடைமேடைக்கு விட்டார். நானும் கூட இருந்தேன். மல்லாட்டை மூட்டையும் நெல்லும் ஏறுகிற மேடையில் அவர் சாமானோடு வண்டியை நிறுத்தி எடை பார்த்தார். அதையெல்லாம் இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் வண்டியை மறுபடி ஏற்றி எடை பார்த்தார். எடைமேடைக்காரர், "இன்னாண்ணே, ஜெனரேட்டர விக்கப் போறியா?" என்று கேட்டார். உன் நைனா எடைச் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சீட்டை என்னிடம் நீட்டிச் சொன்னார், "ஓவர்லோடு ஏத்திட்டேன்மே."

அந்த வார்த்தையின் கனம் உனக்குத் தெரியும். உன் தாத்தாவும் நைனாவும் எத்தனையோ தப்பு செய்திருப்பார்கள். ஒரு மூட்டை அதிகம் ஏற்றியதில்லை. ஓவர்லோடு ஏற்றுகிறவனை மனுஷனாகவே மதிக்காத வீடு இது. 'பசங்க இருக்குற ரோட்டுல பிரேக் நிக்காம வண்டி ஓட்றவன்' என்று திட்டுவார்கள். அப்படிப்பட்டவர், மகள் செய்த படகில், அவள் கண்ணெதிரே ஓவர்லோடு ஏற்றிவிட்டார். பேட்டரியோ மோட்டாரோ தோற்றிருந்தால்கூட அவர் இவ்வளவு நொந்திருக்க மாட்டார்.

நான் உடனே உனக்குச் சொல்லத் துடித்தேன். அவர்தான் நிறுத்தினார். "சொல்லி இன்னா பண்றது? ஓட்டிட்டு சொல்லலாம்" என்றார். பிறகு தாஸ் மாமாவோடு சேர்ந்து பழக ஆரம்பித்தார். பயம் போகாததால், முதலில் ஜெனரேட்டரையும் பீப்பாய்களையும் மறுபடி ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குள்ளேயே ஓட்டினார்கள். பிறகு ஒரு பீப்பாய் இறங்கியது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு பீப்பாய். ஜெனரேட்டர் மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது. "மொதலாளி, அதுக்கு நீயி தாலி கட்டிட்டியா?" என்று தாஸ் மாமா தினமும் கேட்பார். "நீ சுக்கான பாத்து புடி" என்பார் இவர். ஒரு நாள் காலையில் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் கரையில் இருந்தது. அதன் மேல் தாஸ் மாமா உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். உன் நைனா படகில் நின்றார். என்னைப் பார்த்து, "ஏறு, கப்பல் காட்டுறேன்" என்றார்.

அன்றைக்கு நான் நேரலை போடவில்லை. போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். கப்பல் அக்கா கடலில் போனைத் தொடவில்லை என்றால் நம் நண்பர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை.

அபி, சத்தம் இல்லாத படகில் உன் நைனாவை நீ பார்த்திருக்க வேண்டும். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பலகையில் அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், இன்ஜின் துடிப்பு வருகிறதா என்று. "தாசு, ஓடுதா?" "ஓடுது மொதலாளி." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "ஓடுதா?" "தண்ணி பின்னால போவுதா இல்லியா, பாத்துக்க!" தண்ணீர் படகில் வந்து தட்டும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் அந்தத் தண்ணீரின் மேலேயே போய்க்கொண்டிருந்தும் அதை நாங்கள் கேட்டதில்லை. கப்பலை ஒட்டி நின்றோம். மேலே ஆட்கள் அவர்கள் மொழியில் பேசிச் சிரிப்பது கீழே கேட்டது. ஒருவன் எட்டிப் பார்த்து, இன்ஜின் ரிப்பேரா என்று கையால் சைகை செய்தான். உன் நைனா மார்பில் தட்டிக்கொண்டு, பிறகு கரையைக் காட்டி, பிறகு இந்த உயரம் என்று உன் உயரத்தைக் கையால் காட்டினார். அவனுக்கு என்ன புரிந்ததோ, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். தண்ணீரும் காயும் ஏறின. குப்பை டிரம் இறங்கியது. திரும்பும்போது அதே எதிர்க்காற்று. நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். படகு உன் சாக்பீஸ் கோடு போட்ட மாதிரி, நேராக வந்தது.

கரைச் சுவரை நெருங்கும்போது தாஸ் மாமா கத்தினார், "பழம் எங்க மொதலாளி? பழத்த எடு!" உன் நைனா சட்டைப் பையைத் தொட்டார். பழம் இருந்தது. எடுக்கவில்லை. "அத நான் வெக்கக் கூடாது. செஞ்சவ வந்து வெக்கட்டும்" என்றார். டயர் வெறும் சுவரில் இடித்தது. நம் குடும்பத்தில் புதுப் படகு தானாகக் கரை தொட்டும் பழம் நசுங்காத முதல் சவாரி அதுதான். அவர் கணக்கில் அந்தச் சவாரி இன்னும் முடியவில்லை.

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. உனக்கு அறிவுரை சொல்ல எனக்குக் கூச்சமாகக்கூட இருக்கிறது. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நீ நாளைக்கு எத்தனையோ படகு, கப்பல் செய்வாய். எண்ணெயில் ஓடியதையெல்லாம் மின்சாரத்துக்கு மாற்றச் சொல்லி எத்தனையோ நைனாக்களிடம் போய் நிற்பாய். அப்போது பேட்டரி எடை, மோட்டார் எடை, சரக்கு எடை எல்லாம் கூட்டிவிட்டு, அந்த ஆளின் பயம் எவ்வளவு எடை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. அதை நீ கேட்கவில்லை என்றால் அவர் விடியற்காலையில் வந்து தார்ப்பாய் போட்டு ஏற்றிவிடுவார். அவர் உன்னை நம்பாமல் ஏற்றவில்லை. நடுக்கடலில் நீ நின்றுவிடக் கூடாதே என்றுதான் ஏற்றினார். அந்தப் பயம்தான் உன்னை நடுக்கடலில் நிறுத்தியது. இதைச் சொல்வதால் அவர் செய்தது சரி ஆகிவிடாது. 'பொம்ம வண்டி' என்ற வார்த்தை அவருடையது. அதை அவர்தான் திரும்ப எடுக்க வேண்டும். எனக்காக நீ அவரை மன்னிக்க வேண்டாம்.

ஆனால் அவர் வாயால் எடுக்கிற ஆள் இல்லை. கையால்தான் எடுப்பார். எடுத்துவிட்டார். போன வாரம் பெரிய படகைக் கரையேற்றி, அதன் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டார். இன்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. அந்த இடத்தில் என்ன வைப்பது, எங்கே வைப்பது, ஒன்றும் அவர் கையில் இல்லை. வரைபடம் இல்லை, பேட்டரிக்கு ஆர்டர் சொல்லவில்லை, மோட்டாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "அவ வரையட்டும்" என்கிறார். ஏஜென்ட் வந்து, ஒரு சின்ன படகை வைத்துக்கொண்டு எத்தனை கப்பல் பார்ப்பீர்கள், சீக்கிரம் பெரியதை இறக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தாஸ் மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டார். "மொதலாளி, உம் பொண்ணு வரலன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டார். உன் நைனா அந்தக் காலிக் குழியைப் பார்த்துக்கொண்டே, "தெரில தாசு" என்றார். ஒரு பகல் பயணத்துக்குக்கூட இரண்டு ஸ்டெப்னி கட்டிக்கொண்டு போகிறவர், குடும்பத் தொழிலையே அவிழ்த்துப் போட்டுவிட்டு, மாற்று எதுவும் இல்லாமல் உன்னை எதிர்பார்த்து நிற்கிறார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை. கொச்சியில் நீ கற்றுக்கொள்வது எனக்குப் பெருமை. உன் கப்பல் தளத்து வாசலை நான் வரைபடத்தில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் தெரியுமா. பெரிய படகுக்கு நீ அங்கிருந்தே வரைந்து அனுப்பினாலும் போதும். மாட்டேன் என்றால், மாட்டேன் என்று அவருக்கே போன் போட்டுச் சொல். அதைக் கேட்கவும் அவர் தயாராகத்தான் இன்ஜினைக் கழற்றினார். பதில் இல்லாமல் மட்டும் விடாதே. ஒரு நாள் லீவு போட்டு வந்தால், சின்ன படகில் உன்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்த் திரும்பலாம். டயருக்கும் சுவருக்கும் நடுவில் வைக்க வேண்டியதை நீ வைக்கலாம். அந்தப் பழம் காய்ந்துவிட்டது. அவர் தினமும் புதிது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். துவைக்கும்போது எடுப்பது நான்தானே, எனக்குத் தெரியாதா.

இனி நண்பர்களே, உங்களிடம். அன்றைக்கு அந்தப் புகை வீடியோவை யாரெல்லாம் பார்த்துச் சிரித்து அனுப்பினீர்களோ, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். அதை எந்தெந்தக் குரூப்பில் போட்டீர்களோ, அதே குரூப்பில் இதையும் போடுங்கள். துபாய்க்காரர்களே, நீங்களும்தான். எங்கள் மாதிரி டீசலை விட்டு மாறப் பார்க்கிற படகுக்காரர்கள், லாரிக்காரர்கள் யாராவது இருந்தால், நீங்கள் எதற்குப் பயப்பட்டீர்கள், எதை இறக்கி வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அபி ஒரு நாள் சொன்னால் இங்கே போடுகிறேன், கடலூர் படகுத்துறைக்கு வாருங்கள், கூட்டமாக வாருங்கள், கை தட்டுங்கள். எலுமிச்சம்பழம் மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம். அது அவர் பையில் இருக்கிறது.